மறுத்துப் பேசிய சேலை

வெகு காலத்துக்கு முன், ராஜாக்கள் நிறையப் பேரும் அவர்களில் நல்லவர்கள் கொஞ்சம் பேருமாக இருந்த காலத்தில், ஏழுமதகு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு இளவரசி இளவெயினி. அவளைக் கட்டிக்கொள்ள ஊமத்தன் என்ற மந்திரவாதிக்கு ஆசை. நந்தவனத்தில் தனியாகப் பார்த்துக் கேட்டான். "மாட்டேன்" என்றாள்.

ஊமத்தன் ஒரு சிட்டிகை சாம்பலை ஊதினான். அவளுக்குப் பேச நாக்கு புரளவில்லை. ஆட்டத் தலை அசையவில்லை. எழுதக் கை எழவில்லை. சபையில் மூன்று முறை கேட்டும் மறுக்காத பெண் சம்மதித்தவள் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஊமத்தன் ராஜாவிடம் போய்ப் பெண் கேட்டான். ராஜாவோ மகளுக்கு வெட்கம் என்று நினைத்து, கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டுவிட்டார்.

முகூர்த்தச் சேலை நெய்யும் வேலை அந்த ஊர் நெசவுக்காரி மருதாயிக்கு வந்தது. என்ன நிறம் என்று கேட்கப் போனவள், இளவரசியின் கன்னத்தில் நீர் வழிவதைப் பார்த்தாள். வெட்கப்படுகிறவள் இப்படி அழமாட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து அழுதாள்.

"நூல் நனையுதடி. போய் வெளியே அழு" என்றது ஒரு குரல். தறிக்குழியில் குடியிருந்த சிலந்தி.

"நீ பேசுவியா?"

"இத்தனை நாள் நீ என்னைப் பேசவிட்டியா? நாள் முழுக்கப் பாடிக்கிட்டே இருந்தே. ஆனா என் வலையை ஒருநாளும் நீ கலைச்சதில்லை. அதனால ஒளிநூல் தரேன். மடித்தாலும் முறியாது, கசக்கினாலும் அணையாது, நனைத்தாலும் மங்காது. உடுத்தினவ மனசுல இருக்கிறது துணியில எரியும். சபை அதைப் படிச்சா, ஊமத்தன் அவ வாய்க்குப் போட்ட மந்திரக்கட்டு அறுந்துடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. நீளவாட்டுப் பாவு நூலும் குறுக்கே ஓடுற ஊடு நூலும் தொட்டாத்தான் வெளிச்சம். நடுவுல எதுவும் வரக்கூடாது."

"என்ன வரப்போகுது?" என்றாள் மருதாயி. இரவும் பகலும் நெய்தாள்.

கல்யாண நாள். இளவரசி அந்தச் சேலையில் வந்து நின்றாள். மந்திரி கேட்டார்: "இளவரசியாரே, ஊமத்தரை மணக்கச் சம்மதமா?"

சேலை இருண்டு கிடந்தது.

"இளவரசியாரே, ஊமத்தரை மணக்கச் சம்மதமா?"

சேலை அப்படியேதான் கிடந்தது. ஊமத்தன் மாலையைக் கையில் எடுத்துக்கொண்டான். மருதாயி பதறிப்போய் முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். மொடமொடவென்று நின்றது. அப்போதுதான் உறைத்தது. கஞ்சி! பாவு விரித்தால் கஞ்சி போடுவது அவள் கைக்குப் பழகிப்போன வேலை. ஒளிநூலுக்கும் மறக்காமல் போட்டிருந்தாள்.

ஆரத்திக்கு வைத்திருந்த மஞ்சள்நீர் அண்டாவைத் தூக்கி, இளவரசியின் தலைவழியே கவிழ்த்தாள்.

"ஏய், என்ன பண்றே?" என்று ராஜா எழுந்தார்.

"அலசறேன் மகாராஜா" என்று சொல்லிக்கொண்டே மருதாயி சேலையைக் கசக்கினாள். காவலர்கள் ஓடிவந்து அவளைப் பிடித்தார்கள்.

"மூணாவது தடவை கேளுமய்யா, சீக்கிரம்" என்று ஊமத்தன் மந்திரியை அதட்டினான்.

மந்திரி கேட்டார்: "இளவரசியாரே, ஊமத்தரை மணக்கச் சம்மதமா?"

முந்தானையில் பச்சை வெளிச்சம் ஓடியது. "மாட்டேன்." கொசுவத்தில் சிவப்பாக எரிந்தது. "மாட்டவே மாட்டேன்." கரையோரம் பொடி எழுத்தில் ஒரு வரி. "அப்பா, உங்களுக்குக் கண் தெரியாதா?"

சபை முழுவதும் வாய்விட்டுப் படித்தது. மந்திரக்கட்டு அறுந்தது. "குளிருது, யாராவது துண்டு கொடுங்க" என்றாள் இளவரசி. அவள் குரல் கேட்டதும் ஊமத்தன் சுருங்கிச் சுருங்கி ஒரு செடியானான். ஆடுகூட அதில் வாய் வைப்பதில்லை.

"என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா. மருதாயி ஒன்றுதான் கேட்டாள். "வாய் திறந்து சரின்னு சொன்னாத்தான் சம்மதம்னு சட்டத்தை மாத்துங்க." அன்றே மாற்றினார்கள். சட்டத்தின் அருமை பற்றி மந்திரி நெடுநேரம் பேசினார். இளவரசியின் சேலையில் மெல்ல எழுத்து ஊர்ந்தது. "பசிக்கிறது."

மந்திரி அதைப் படித்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். கல்யாணம் நின்றாலும் விருந்து நிற்கவில்லை. ஊரே பந்தியில் உட்கார்ந்தது. சிலந்திக்கும் ஒரு இலை போட்டார்கள். கதை கேட்ட நீங்களும் கை கழுவிவிட்டு வாருங்கள்.