காற்றை வென்ற கிடா

ஆலங்காட்டில் ஓர் ஆட்டுக்கிடா இருந்தது. அதனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. சைக்கிளைவிடப் பெரிதாகத் தலைக்கனமும் இருந்தது.

ஆடி மாதம். அம்மியும் பறக்கிற காற்று. அன்று பார்த்து அணிலின் குட்டிக்குக் காய்ச்சல் கொதித்தது. மருந்தோ, கிழக்கே ஏரிக்கரையில் கீரி வைத்தியரிடம் இருந்தது.

"பொழுது சாயறதுக்குள்ள மருந்து உள்ளே போகணும். யாராவது வாங்கிட்டு வாங்களேன்!" என்று அணில் அழுதது.

"நான் இருக்கேன்ல!" என்று கிடா சைக்கிளில் ஏறியது. மேற்கேயிருந்து வீசிய காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. கிடா மிதிக்கவே இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் ஏரிக்கரை வந்துவிட்டது!

வைத்தியரிடம் மருந்துக் குப்பியை வாங்கித் திரும்பினால், எதிரே காக்கை நின்றது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பேனர் கட்டுவதே அதன் பிழைப்பு.

"அண்ணே! இந்தக் காத்துல இவ்வளவு வேகமா? காத்தே உங்களைப் பார்த்துப் பயப்படுது!"

"பின்னே? கால் அப்படி!"

சும்மா விடுமா காக்கை? மாலை போட்டது. சைக்கிளின் முன்னால் ஆளுயரப் பேனர் கட்டியது. 'காற்றை வென்ற காளையே!' என்று அதில் எழுதியிருந்தது. காளை என்று போட்டதைக் கிடா திருத்தச் சொல்லவில்லை.

இப்போது மேற்கே போக வேண்டும். காற்று முகத்தில் அறைந்தது. பேனர் உப்பியது. முக்கி முக்கி மிதித்தும் சைக்கிள் பின்னால்தான் போனது!

குட்டியின் காய்ச்சலை வைத்தியரிடம் கேள்விப்பட்டுக் காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த முள்ளம்பன்றி, தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தது. "தம்பி, பேனரைக் கழற்று. இறங்கித் தள்ளு. பொழுது போகுது!"

"காத்தை ஜெயிச்சவன் இறங்கித் தள்ளினா ஊர் சிரிக்காதா?"

"அந்தக் குட்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊர் அழுமேடா!"

அதற்குள் ஓங்கி ஒரு காற்று அடித்தது. கிடாவும் சைக்கிளும் பேனரும் சேற்றுப் பள்ளத்தில் போய் விழுந்தன. நல்லவேளை, குப்பி மட்டும் உடையாமல் புல்லில் உருண்டது. முள்ளம்பன்றி அதை எடுத்துக்கொண்டது. தலையைத் தாழ்த்தி, வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளியே நடந்தது. பொழுது சாயும் முன்னே மருந்து உள்ளே போனது. குட்டி கண் திறந்தது. அணிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பள்ளத்து மேட்டில் காக்கை வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, நீங்க விழுந்ததுலயும் ஒரு கம்பீரம்! 'பள்ளத்தை வென்ற புலியே'ன்னு ஒரு பேனர் போட்டுடவா?"

கிடா தாடியில் இருந்த சேற்றைத் துடைத்தது. "போடு. இந்தத் தடவை எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்!" என்றது.

முதுகைத் தள்ளிய காற்றைத் தன் பலம் என்று நம்பியவனுக்கு, எதிர்க்காற்று அடித்தாலும் புத்தி வராது.