மூங்கில் கொடுத்த நெஞ்சு

மரமும் காக்கையும் மனிதரோடு பேசிய அந்தக் காலத்தில், மூங்கில் கருங்காலியைப் போல உள்ளே கெட்டியாக இருந்தது. மலையடிவாரத்து மூங்கில் புதர் ஒன்றின் பக்கத்தில் மாராயி என்ற மருத்துவச்சி தனியாகக் குடியிருந்தாள்.

கட்டியைக் கீறுவாள், முள்ளை எடுப்பாள், கிழிந்த தசையைத் தைப்பாள். கைராசிக்காரி. ஆனால் அவள் இடுப்பில் தொங்கும் கத்தியையும் ஊசியையும் முள்வாங்கியையும் கண்டால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். அழுகிற பிள்ளையை, "மாராயி வருகிறாள்" என்று சொல்லி அடக்குவார்கள். அவளோடு பேச அந்த மூங்கில் மட்டும்தான் இருந்தது. அவள் கஞ்சி குடிக்கும்போது, "உப்புப் போட்டாயா, இன்றும் மறந்துவிட்டாயா?" என்று கேட்டுச் சிரிக்கும்.

ஒருநாள் காக்கை பறந்து வந்து, "ஆடு மேய்க்கும் பூவனுக்குக் காலில் முள் தைத்துப் பானையாக வீங்கிக் கிடக்கிறது" என்றது. மாராயி ஓடினாள். கத்தியைப் பார்த்ததும் பூவன் அலறினான். அவன் மனைவி செங்காயி வாசலை மறித்துக்கொண்டு, "வேண்டாம் அக்கா, போய்விடுங்கள்" என்று கும்பிட்டாள்.

மாராயி திரும்பி வந்து மூங்கிலடியில் உட்கார்ந்தாள். "சீழ் மேலே ஏறுகிறது. இப்படியே விட்டால் செத்துப்போவான்."

"என்னில் ஒரு கழியை வெட்டு" என்றது மூங்கில். "நடுவைக் குடைந்து எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடிவிடு. கைத்தடி ஊன்றி வருகிறவளுக்கு யார் பயப்படுவார்கள்?"

"உனக்கு வலிக்காதா?"

"வலி ஆறிவிடும். ஆனால் என் பேச்சு அந்த நடு நெஞ்சில்தான் இருக்கிறது. ஒன்றைக் குடைந்தால் எங்கள் இனம் முழுவதற்கும் நெஞ்சும் பேச்சும் போய்விடும்."

மாராயி எடுத்த அரிவாளைக் கீழே போட்டாள். "அப்புறம் நான் யாரோடு பேசுவேன்?"

"உன்னை உள்ளே விடுகிறவர்களோடு பேசு."

பூவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அரிவாளை எடுத்துக் கழியை வெட்டினாள். காய்ச்சிய கம்பியால் குடைந்தாள். கத்தியையும் ஊசியையும் முள்வாங்கியையும் உள்ளே வைத்து மூடி, அந்தத் தடியை ஊன்றிக்கொண்டு மறுபடி பூவன் வீட்டுக்குப் போனாள்.

அவள் இடுப்பில் எதுவும் இல்லாததைப் பார்த்துச் செங்காயி வழிவிட்டாள். மாராயி பூவனின் காலருகே உட்கார்ந்து, "வெளியே நிற்கிற கிடாய் உன்னுடையதா?" என்று கேட்டாள். அவன் தலையைத் திருப்பிய நொடியில் தடியின் மூடியைத் திருகிக் கத்தியை எடுத்துக் கீறினாள். சீழ் கொட்டியது, முள்ளும் வந்தது. அவன் அலறி ஓய்வதற்குள் கட்டுப் போட்டுவிட்டாள்.

செங்காயி காலில் விழுந்தாள். முறம் நிறையத் தினை கொடுத்தாள். "இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருங்கள் அக்கா" என்றாள். இருந்துவிட்டுப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.

மாராயி மூங்கிலடிக்கு வந்தாள். "பூவன் பிழைத்துக்கொண்டான்" என்றாள். பதில் இல்லை. "நன்றாகத் தூங்குகிறான்" என்று கொஞ்சம் உரக்கச் சொன்னாள். காற்று வந்தது. புதருக்குள்ளிருந்து நீளமாக ஓர் ஒலி எழுந்தது. அதில் சொல் இல்லை. அவள் ஒரு கழியில் கன்னத்தை வைத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று முதல்தான் மூங்கில் உள்ளே வெறுமையாக இருக்கிறது. காற்றடிக்கும்போதெல்லாம் எதையோ சொல்ல முயன்று முனகுகிறது.