இரண்டாவது கரண்டி

“என் கூட்டாளி கண்ணு போனதுக்குக் காரணம் என் கையா, அந்தக் கெழட்டுத் துப்பாக்கியா? அதை மட்டும் சொல்லுங்கம்மா.”

கேட்டவர் ரிட்டயர்ட் சுபேதார் துரைக்கண்ணு, வயது அறுபத்தேழு. ரஞ்சிதம் அவரைவிட முப்பது வயது இளையவள். ஆனால் தோட்டா கட்டும் வித்தையில் அவருக்குக் குரு அவள்தான். மீசை நரைத்த பட்டாளத்துக்காரர்கள்கூட அவள் முன்னால் கைகட்டித்தான் நிற்பார்கள்.

கூட வந்த கன்னியப்பன், வலக்கண்ணில் கட்டோடு, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்ன கட்டுனீங்க?”

“பட்டாளத்துப் பழைய ரைபிளுக்குச் சாதுவான தோட்டாம்மா. வார்த்த ஈயக்குண்டு, வேகமா எரியற வெடிமருந்து கொஞ்சமா. துப்பாக்கிச் சங்கத்துல குறி பழகறதுக்கு. இவன் சுட்டதும் துப்பாக்கியே வெடிச்சு முகத்துல அடிச்சிருச்சு.”

“நடுவுல எழுந்தீங்களா?”

“முப்பது வருஷ சர்வீஸ். எழுந்திருப்பேனா?”

பட்டாளத்து மீசையில் மண் ஒட்டுமா? ரஞ்சிதம் வாதாடவில்லை. இருபது காலிப் பித்தளைத் தோட்டாக் குப்பிகளை வரிசையாக நிறுத்தி, மருந்துக் கரண்டியை அவரிடம் நீட்டினாள்.

அவர் போட ஆரம்பித்தார். கை நடுங்கவில்லை. அதுவே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பதினொன்றாம் குப்பி முடிந்ததும், “ஐயா, உங்க கூட்டாளிக்குத் தண்ணி குடுத்துட்டு வாங்க” என்றாள்.

கொடுத்துவிட்டு வந்தார். விட்ட இடத்திலிருந்து மடமடவென்று போட்டு முடித்தார்.

“ஆச்சும்மா.”

ரஞ்சிதம் பதினொன்றாம் குப்பியைக் காகிதத்தில் கவிழ்த்தாள். பக்கத்திலேயே பன்னிரண்டாவதையும் கவிழ்த்தாள்.

முதல் குவியல் மற்றதைப்போல இரண்டு மடங்கு.

குறைந்த மருந்தின் சூது அது. குப்பி பாதிகூட நிறையாததால் இரண்டாவது கரண்டியும் சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிடும். குண்டை அழுத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு குப்பிக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். அவருக்கு அவள் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான்.

“அன்னிக்குப் பாத்தீங்களா?”

துரைக்கண்ணு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லையிலேயே செத்துத் தொலைந்திருக்கலாம் என்று நினைத்தார். உண்மையாகவே நினைத்தார்.

கன்னியப்பன் சுவரைத் தடவியபடி உள்ளே வந்தார்.

“என்னடா சொல்றாங்க? துப்பாக்கிதானே?”

“இல்லடா. என் கைதான்.”

கன்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்கு டீ ஆறுதுன்னு உன்னைப் பாதியில எழுப்புனது நான்டா.”