சாம்பல் தின்ன மைனாவும் தின்னாத மைனாவும்

முன்னொரு காலத்துல, மந்திரம் மலிவாவும் புத்தி கிராக்கியாவும் இருந்த காலத்துல, கொன்றையூர்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சாம். ஊருக்கு மேற்கே ஒரு கரட்டு மலை. மலை உச்சியில கரிமுகன்னு ஒரு மந்திரவாதி.

வருஷா வருஷம் பங்குனி பொறந்தா, ஊர்ப் பிள்ளைங்கள்ல சில பேரு படுத்த பாயிலேயே மைனாவா மாறிடுவாங்க. பெத்தவங்க அலறி அடிச்சுக்கிட்டு மலைக்கு ஓடுவாங்க. கரிமுகன் தாடியை நீவிக்கிட்டே வைத்தியம் சொல்லுவான். தீனியில நான் தர்ற சாம்பலைக் கல, காலுல கறுப்புக் கயிறு கட்டு, என் சுனைத் தண்ணியைக் குடிக்க வை. சாம்பல், கயிறு, சுனைத் தண்ணி. அமாவாசைக்குள்ள சில மைனா பிள்ளையாத் திரும்பிடும். திரும்பினா கரிமுகன் கெட்டிக்காரன். திரும்பாத மைனா மலைக்குப் பறந்துபோய் அவனுக்கே அடிமையாயிடும். அந்தப் பழி தாய்க்கு. நீ பக்தியாச் செய்யலைன்னுடுவான். ஊரும் தலையாட்டும். சும்மா கெடக்குற தலைதானே, ஆட்டினா என்ன!

அந்த ஊர்ல அரும்பாயின்னு ஒருத்தி, அரண்மனை மடப்பள்ளியில குழம்பு வைக்கிறவ. புருஷன் போய்ச் சேர்ந்துட்டான். ரெட்டைப் பிள்ளைங்க, மூத்தவன் வீரணன், இளையவன் சொக்கணன். அந்தப் பங்குனியில ரெண்டு பேருமே மைனாவாயிட்டாங்க.

அரும்பாயி அழுதா. அழுது முடிச்சுட்டு யோசிச்சா. போன வருஷம் அவ தங்கச்சி மகளுக்கு மூணையும் ஒண்ணு விடாமச் செஞ்சாங்க, அந்தப் பொண்ணு மலைக்குத்தான் போச்சு. எதிர்வீட்டுக்காரி அரைகுறையாச் செஞ்சா, அவ பையன் திரும்பிட்டான். ஏன்னு கேட்டா ஆளுக்கொரு காரணம். என் மைனா முற்றத்துல இருந்துச்சு, உங்களுது இருட்டு அறையில இருந்துச்சு. என்னுது தினை தின்னுச்சு, உங்களுது பழம் தின்னுச்சு. இத்தனையும் வேற வேறயா இருந்தா எது காரணம்னு யாரு கண்டா? குழம்புல உப்பு, புளி, காரம் மூணையும் ஒரே நேரத்துல மாத்திட்டு, எதனால ருசி கெட்டுச்சுன்னு கேட்டா சட்டியா பதில் சொல்லும்? ஒண்ணை மட்டும் மாத்து, மத்ததை அப்படியே வை. அவ கை அப்படிப் பழகின கை.

ஒரு பிள்ளைக்காவது சாம்பல் கொடுக்காம விட்டுப் பார்க்கலாம்னு தெருத்தெருவாக் கேட்டா. ராஜா மகளும் மைனாவாயிருந்தா, அதனால ராஜாகிட்டயும் கேட்டா. எல்லாரும் ஒரே வாயா, "உன் பிள்ளையை விட்டுப் பாரேன்"ன்னாங்க.

பார்த்தா. ஒரே மாதிரி ரெண்டு மூங்கில் கூண்டு. ஒரே வெயில், ஒரே தினை. கயிறு ரெண்டு பேருக்கும், சுனைத் தண்ணி ரெண்டு பேருக்கும். சாம்பல் மட்டும் ஒருத்தனுக்கு உண்டு, இன்னொருத்தனுக்கு இல்லை.

யாருக்கு உண்டு? சாம்பல் மருந்துன்னு ஊரே நம்புது, அவளும் உள்ளுக்குள்ள பாதி நம்பினா. மருந்தில்லாத பிள்ளை போயிட்டா? சொக்கணன் சவலைப் பிள்ளை, அவ முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே திரியறவன். சாம்பல் எடுத்த கை தானா சின்னவன் கூண்டுக்குப் போச்சு. பெத்த தாய்தான், ஆனாலும் போச்சு. மூத்தவன் பக்கத்துக் கூண்டுலேருந்து அதைப் பார்த்துக்கிட்டே இருந்தான்.

சாம்பல் ஒரே கசப்பு. மத்த வீட்டு மைனா எல்லாம் பாதியைத் துப்பிடும். சொக்கணன் துப்பிடக் கூடாதுன்னு அரும்பாயி தேன் கலந்தா. தேனால வித்தியாசம் வந்துடப் போகுதேன்னு மூத்தவன் தினையிலயும் தேன் விட்டா. சின்னவன் ஒரு துகள் விடாமத் தின்னான்.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில வீரணன் கூண்டை உடைச்சுக்கிட்டுப் பிள்ளையா எழுந்து நின்னான். சொக்கணன் மைனாவாவே உட்கார்ந்திருந்தான்.

அரும்பாயிக்குப் பளிச்சுன்னு விளங்கிடுச்சு. மாயம் தானா இறங்குற மாயம். இறங்க விடாமப் பிடிச்சு வச்சது சாம்பல். மூத்தவனை ஒரு கையிலயும் சின்னவன் கூண்டை ஒரு கையிலயும் பிடிச்சுக்கிட்டுத் தெருவெல்லாம் ஓடினா. "எல்லாம் ஒண்ணாத்தான் கொடுத்தேன், சாம்பல் மட்டும்தான் வேற. கண்ணால பாருங்க"ன்னா. பார்த்த ஊரு சாம்பலைக் குப்பையில கொட்டுச்சு. பாதியைத் துப்பின பிள்ளைங்களாச்சே, மறுநாளைக்குள்ள ஒவ்வொண்ணா எழுந்துச்சு. ராஜா மகளும் எழுந்தா.

சொக்கணன் எழுந்திரிக்கலை. தேனோட இறங்கின சாம்பல் உடம்பெல்லாம் ஊறிடுச்சு. அமாவாசை அன்னிக்கு மலைக்குப் பறந்தது அந்த ஒரு மைனாதான். வருஷா வருஷம் புது மைனாக்களோட உயிர்ச்சத்துல வாழ்ந்த கரிமுகனுக்கு அந்த ஒண்ணு போதலை, நின்ன இடத்துலயே உதிர்ந்து போனான். அவன் போனதும் மலையில இருந்த மைனா எல்லாம், ஊறின சாம்பல் விடாம, மைனாவாவே காட்டுக்குள்ள கலைஞ்சு போச்சு. சொக்கணனும் அதுங்களோட போயிட்டான், திரும்பி வரலை.

ராஜா அரும்பாயிக்குப் பட்டு கொடுத்தாரு, பல்லக்கு கொடுத்தாரு, மச்சுவீடு கொடுத்தாரு. நல்லவளுக்கு நல்லதே நடந்துச்சுன்னு ஊரு மெச்சுச்சு. பல்லக்குல போறவ கண்ணு எந்த மைனாவைத் தேடுச்சுன்னு மெச்சினவங்களுக்கு என்ன தெரியும்?

மச்சுவீட்டுல முதல் சோறு போடுறப்ப வீரணன் கேட்டான். "ஏம்மா, சாம்பல் மருந்துன்னு நெனச்சுத்தானே அவனுக்குக் கொடுத்தே?"

"ஆமாண்டா"ன்னா. பொய் சொல்ல அவளுக்கு வரலை.

"அப்ப நான் போனாப் போகட்டும்னு விட்டியாம்மா?"

அரும்பாயி அவன் தட்டுல இன்னொரு கரண்டி சோறு வச்சா. அவன் குனிஞ்சு சாப்பிட ஆரம்பிச்சான். கதைன்னா கடைசியில சுகமா வாழ்ந்தாங்கன்னு முடிக்கணும், எனக்கும் தெரியும். ஒரே வீட்டுல இருந்தாங்க. என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும்.