வாளித் தண்ணீரும் நானூறு வாட்ஸும்

“உங்க மேஜைக்கு வந்தா எல்லாமே சின்னதாப் போயிருதுங்க டீச்சர்,” என்றார் நாச்சிமுத்து. “கம்பெனிக்காரங்க மூடியில ஆயிரம் வாட்ஸ்னு போடறாங்க. நீங்க தொண்ணூறுன்னு எழுதிக் கொடுக்கறீங்க.”

நிலோஃபர் சின்ன வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்கு முப்பத்துநாலு. காரில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி, சொன்ன பவரைத் தருகிறதா என்று பார்த்துச் சொல்வதில் கோயம்புத்தூரில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவர் வயசை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவளிடம் படிக்க வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

இன்றைக்கு மேஜையில் இருந்தது அவரே செய்த ஆம்ப்ளிஃபயர். மில் வேலையை விட்டு, வீட்டில் பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்டு செய்த பெட்டி. மூடியில் வாட்ஸ் எழுதும் இடம் காலியாக இருந்தது. அங்கே நிலோஃபர் கையெழுத்து விழாமல் எந்தக் கடைக்காரரும் தொட மாட்டார்.

“எவ்வளவு தரும்னு நினைக்கிறீங்கண்ணா?”

“நானூறு தாராளமாத் தருங்க.”

அவள் ஸ்பீக்கர் மாட்டுவதில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில் ஒரு கம்பிச் சுருளை மாட்டித் தண்ணீருக்குள் இறக்கினாள். பாட்டுக் கேட்காது. பாட்டாகப் போக வேண்டிய பவரில் தண்ணீர்தான் சூடாகும்.

நாச்சிமுத்து சுவிட்சைப் போட்டார். மீட்டரில் நானூற்றுப் பத்து.

“பாத்தீங்களா டீச்சர்.”

சொல்லும்போதே கை சுவிட்சை அணைக்கப் போனது. அந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். நல்ல நம்பர் வந்ததும் அணைத்துவிடுவார்கள்.

நிலோஃபர் சுவிட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“எரிஞ்சு போயிருமுங்க.”

“கார் வாங்கினவங்க அரை நிமிஷம்தான் பாட்டுக் கேப்பாங்களாண்ணா?”

பெட்டி சூடேறச் சூடேற நம்பர் இறங்கியது. முந்நூறு. இருநூற்று அறுபது. நாச்சிமுத்து, பிள்ளையின் மார்க்கைப் பார்க்கிற அப்பன் மாதிரி மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நூற்றுத் தொண்ணூறில் வந்து நின்றது.

கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. அதற்குக் கீழே இறங்கவில்லை. அந்த மேஜையில் ஆயிரம் வாட்ஸ் என்று போட்ட எத்தனையோ பெட்டிகள் பத்து நிமிஷத்தில் புகைந்து அடங்கியதை அவரே பார்த்திருக்கிறார்.

பெட்டியை அணைத்ததும் நிலோஃபர் சொன்னாள்: “தண்ணியைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். நல்ல சூடு. தன் பெட்டி ஏற்றிய சூடு. நானூறு போன துக்கத்திலும் கையை வெளியே எடுக்க மனசு வரவில்லை.

அவள் மார்க்கர் பேனாவை நீட்டினாள். “நீங்களே எழுதுங்க.”

மூடியைத் துடைத்தார். தலைக்கு மேல் ஓடிய ஃபேனைப் பார்த்தார். நூற்று எழுபது என்று எழுதினார்.

“நூத்தித் தொண்ணூறு வந்துச்சே?”

“இங்க ஃபேன் ஓடுதுங்க டீச்சர். சித்திரை வெயில்ல, மூடின டிக்கிக்குள்ள என்ன தரும்னு எனக்குத் தெரியலீங்க.”

நிலோஃபர் பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை. பையிலிருந்து தன் கார் சாவியை எடுத்து அந்தப் பெட்டியின் மேல் வைத்தாள்.

“வண்டி வெயில்லதான் நிக்குது. மாட்டிப் பாத்துட்டு வாங்க. நீங்க சொல்ற நம்பருக்கு நான் கையெழுத்துப் போடறேன்.”