தடம் அழித்த நரி

கோடையில் ஓடை வற்றிப்போன ஒரு காட்டில் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. நாலு நாளைக்கு ஒருமுறை அது நிறைந்துவிடும். யார் நிரப்புகிறார் என்று எந்த மிருகமும் பார்த்ததில்லை. உச்சி வெயிலில் எல்லாம் புதருக்குள் சுருண்டு கிடக்கும்போது அவர் வந்து போய்விடுவார். ஈர மண்ணில் பெரிய காலடி மட்டும் மிச்சம் இருக்கும். அதனால் அவரை 'ஊற்றுகிறவர்' என்று சொல்லிக்கொண்டன.

பெயர் வைத்ததோடு பேசாமல் தண்ணீரைக் குடித்திருக்கலாம். ஆனால் நரி இருக்கிற இடத்தில் அது நடக்குமா? தன் நிழல் கொஞ்சம் நீண்டால்கூட ஏன் என்று திரும்பிப் பார்க்கிற நரி அது.

"சும்மா எவனாவது தண்ணி ஊத்துவானா? இந்தக் காலடியைப் பாருங்க. விரல் பக்கம் ஆழமா பதிஞ்சிருக்கு. குந்தி உட்கார்ந்து நம்ம தடத்தைப் பார்த்திருக்கான். எத்தனை பேர் வர்றோம், எந்தப் பக்கமா வர்றோம்னு நோட்டம் விட்டிருக்கான். இவன் வேட்டைக்காரன்தான்."

எல்லாம் தொட்டியை விட்டு இரண்டடி பின்வாங்கின.

"அதனால தினமும் விடிஞ்சதும் தடத்தையெல்லாம் அழிச்சிடணும். என் வாலாலே நானே கூட்டிடறேன்," என்றது நரி.

தொட்டிக்கு அடியில் குடியிருந்த ஆமை தலையை நீட்டியது. காட்டிலேயே பெரிய படிப்பாளி என்று அதற்குப் பெயர். "வேட்டைக்காரன்னு சொல்லாதே. அவர் மாறாதவர். நம்ம தாகமும் அவரைத் தொடாது, சந்தோஷமும் தொடாது. எல்லாம் அவருக்கு முன்னாடியே தெரியும். தடத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா? அழிச்சா அழிச்சுட்டுப் போ."

உடும்பு சிரித்தது. "அவர் என்னிக்கோ வந்தாரு, எல்லாத்தையும் அமைச்சாரு, போயிட்டாரு. இப்ப தண்ணி தன்னால வருது. தடத்தைப் பார்க்க இங்க யாரு இருக்கா?" நேற்று பதிந்த காலடிமேல் உட்கார்ந்துகொண்டே அது இதைச் சொன்னது.

தவளை தொட்டிக்குள்ளிருந்து குரல் கொடுத்தது. "தனியா ஒருத்தர் ஏதுங்க? இந்தத் தண்ணிதான் அவர். தண்ணிக்குக் கண்ணு இருக்கா என்ன?"

மூன்றுக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போனதே இல்லை. தடத்தை அழிக்கலாம் என்பதில் மட்டும் ஒத்துப்போயின.

ஒத்துக்கொள்ளாதது காட்டுப்பன்றி ஒன்றுதான். அதன் நாலு குட்டிகளில் மூன்று வெயிலில் செத்துப்போயின. மிஞ்சியது ஒன்று.

"நீங்க பேசறது எனக்கு விளங்கலை அண்ணே," என்றது பன்றி. "ஆனா ஒண்ணு பார்த்தேன். அன்னிக்கு என் குட்டிக்குத் தொட்டி எட்டலை. ஈர மண்ணை நக்கிட்டு வந்துடுச்சு. அடுத்த தடவை வந்தா, படி மாதிரி ஒரு கல்லு கிடக்குது. அந்தக் காலடி குந்தியிருந்ததும் என் குட்டி தடத்துக்குப் பக்கத்துலதான். பார்க்காதவரு எதுக்குக் கல்லு போடணும்?"

"பொறி வைக்கிறவன் அப்படித்தான் ஆசை காட்டுவான்," என்றது நரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த அம்மா அவனுக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்குதோ என்னவோ," என்றது.

அதிலிருந்து பன்றி தண்ணீர் குடிக்க வந்தால் எல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தன. நரி தினமும் கூட்டியது. அடுத்த முறை தொட்டி பாதிதான் நிறைந்தது. அதற்கடுத்த முறை நிறையவே இல்லை. பெரிய காலடி மட்டும் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, குந்திப் பார்க்க ஒரு தடமும் இல்லாமல் திரும்பிப் போயிருந்தது.

"எல்லாம் அவர் முன்னாடியே தீர்மானிச்சது," என்றது ஆமை. "அமைப்புல ஏதோ பழுது," என்றது உடும்பு. தண்ணீர்தான் அவர் என்ற தவளை, "அவர் செத்துட்டாரு" என்று அழுதது. நரியோ, "பதுங்கறான். இன்னும் நல்லா கூட்டணும்," என்றது.

பன்றிக்குட்டியால் நிற்க முடியவில்லை. மறுநாள் காலை தாய் குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளித் தொட்டியருகே கொண்டுவந்தது. புழுதியில் தன் காலை அழுத்தி அழுத்திப் பதித்தது. குட்டியையும் முட்டுக் கொடுத்து நாலு அடி நடக்க வைத்தது. நரி வாலை வீசிக்கொண்டு ஓடிவந்தது.

"வாலைத் தரையில வச்சே, அப்புறம் வாலு இருக்காது," என்று பன்றி தலையைத் தாழ்த்தியது.

"வேட்டைக்காரன் வந்தா?"

"வரட்டும். தாகத்துல செத்தாலும் சாவுதானே. எனக்குத் தண்ணி வேணும், என் குட்டிக்கு வேணும். அது அவருக்குத் தெரியட்டும்."

வெயில் ஏறியது. பன்றி குட்டியோடு புதருக்குள் படுத்து, தடத்தின் மேலேயே கண்ணை வைத்திருந்தது. அசதியில் எப்போது தூங்கியதென்று அதற்கே தெரியாது. விழித்துப் பார்த்தபோது தொட்டி வழிந்துகொண்டிருந்தது. குட்டியின் சின்னத் தடத்துக்குப் பக்கத்தில் பெரிய காலடி, விரல் பக்கம் ஆழமாகப் பதிந்திருந்தது. படிக்கல்லுக்கு முன்னால், அதைவிடத் தாழ்வாக இன்னொரு சின்னக் கல்லும் கிடந்தது.

குட்டி இரண்டு கல்லிலும் ஏறிக் குடித்தது. ஆமையும் உடும்பும் தவளையும், நான் அப்போதே சொன்னேனே என்று ஆளுக்கொரு பக்கம் ஆரம்பித்தன. பன்றி காதில் வாங்கவில்லை. நரி கடைசியாக வந்து, ஒரு கண்ணைப் புதர்மேல் வைத்துக்கொண்டே குடித்தது. போகும்போது வழக்கம்போல வாலைத் தாழ்த்தியது. ஈர மண்ணில் பதிந்திருந்த தன் நாலு கால் தடத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கூட்டாமலே போய்விட்டது.

கடவுள் எப்படிப்பட்டவர் என்று யாரும் எப்படியும் விளக்கலாம். நம் தாகத்தை அவரிடம் மறைக்கச் சொல்லுகிற விளக்கத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.