சாது மருந்து

இசக்கியப்பனுக்கு ஒரே ஆசைதான். கல்குவாரியில் வைக்கிற வெடிமருந்து, கை தவறிக் கீழே விழுந்தாலும் சும்மா கிடக்கவேண்டும். முறைப்படி எழுப்பினால் மட்டும் எழுந்து பாறையைப் பிளக்கவேண்டும்.

இந்த ஆசை சும்மா வரவில்லை. அவருடைய அக்கா வீட்டுக்காரர் குவாரியில் ஒரு பொட்டலத்தை நழுவவிட்டு வலது கையை இழந்தவர். அத்தான் இடது கையால் சோறு பிசைவதைப் பார்க்கும்போதெல்லாம் இசக்கியப்பன் தன் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். அவரும் அதே குவாரியில்தான் மேஸ்திரியாக இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் அந்த வேலையை உதறிவிட்டு, படித்துக் கிடித்து, வெடிமருந்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வந்து சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் குரு ஜெபக்கனி. குருவுக்கு வயது குறைவு. சீடரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டால் அண்ணாச்சியாவது தம்பியாவது!

சோதனை எளிதுதான். ஒரு சிட்டிகை மருந்தை இரும்புப் பலகைமேல் வைத்து, உயரத்திலிருந்து ஒரு எடைக்கட்டியை அதன் தலையில் விழவிடவேண்டும். சத்தமும் புகையும் வந்தால் மருந்து துடுக்கு. வராவிட்டால் சாது. அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடி வாங்கிய மருந்தைக் கூட்டித் தள்ளக் கூடாது. சோதனை அறிக்கையில் குரு கையெழுத்துப் போடும்வரை, ஒவ்வொன்றின் மிச்சத்தையும் தனித்தனிக் கண்ணாடிக் கிண்ணத்தில் மூடி வைத்திருக்கவேண்டும்.

இசக்கியப்பன் தயாரித்த மருந்து அடிமேல் அடி வாங்கியும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு சாது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கையெழுத்து விழுந்ததும் முதல் பெட்டியை அக்கா மகன் வேலை பார்க்கிற குவாரிக்கே அனுப்பவேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டார்.

அப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு அடிக்கு, பட்டென்று வெடித்துவிட்டது.

மிச்சத்தை எடுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உள்ளே மணல் நொறுங்கிக் கிடந்தது. போன உயிர் திரும்பி வந்தது. கிண்ணமும் கையுமாகக் குருவின் அறைக்கு ஓடினார்.

“மேடம், இந்த ஒண்ணை அறிக்கையில சேர்க்க வேண்டாம்.”

“ஏன் அண்ணாச்சி?”

“மணல் கிடக்கு. ஆடிக் காத்துல வந்து விழுந்திருக்கு. மருந்து மேல ஒரு குத்தமும் இல்லை.”

ஜெபக்கனி வாங்கிப் பார்த்தார். மணல்தான்.

“சரி. மத்தக் கிண்ணத்துல எல்லாம் மணல் இல்லையா?”

“அதெல்லாம்தான் வெடிக்கலையே!”

“வெடிச்சாத்தான் தேடுவீங்களோ?”

சுருக்கென்று தைத்தது. திரும்பிப் போனார். கிண்ணங்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாதுவாகக் கிடந்த ஒன்றில் மணல் இருந்தாலும் போச்சு. அப்புறம் மணல்மேல் பழி போட முடியாது. மருந்தே துடுக்கு என்று ஆகிவிடும். ஒவ்வொரு மூடியாகத் திறந்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

ஒன்றிலும் மணல் இல்லை. அப்பாடா!

திரும்பி வருகிற வழியில், என்றைக்கும் முகம் கொடுத்துப் பேசாத கேன்டீன்காரரிடம்கூட நின்று சிரித்துவிட்டு வந்தார்.

“எதுலயும் ஒரு துளி மணல் கிடையாது மேடம். ஒண்ணு விடாம பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் பலகையை ஸ்பிரிட் போட்டுத் துடைச்ச பிறகுதான் மருந்தையே வச்சேன். அன்னைக்கு ஜன்னலை யாரோ திறந்து போட்டுட்டாங்க, அவ்வளவுதான் விஷயம்.”

“நல்லா பாத்தீங்களா?”

“எங்க அக்கா மேல சத்தியம்.”

“சத்தியமெல்லாம் வேண்டாம். நம்புறேன்.”

ஜெபக்கனி அறிக்கையை எடுத்து முன்னால் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். இசக்கியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது காகிதத்தில் இறங்கவில்லை.

“குவாரியில ரொம்ப வருஷம் இருந்தீங்கல்ல அண்ணாச்சி? அங்க மணல் உண்டா?”

இசக்கியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? அங்க திங்கிற சோத்துலயே மணல்தான்.”

குருவும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“மணல் விழுந்த மருந்தை நாம எத்தனை தடவை அடிச்சுப் பாத்திருக்கோம்?”

“ஒரே ஒரு தடவை.”

சொல்லும்போதே அவருடைய முகம் மாறிக்கொண்டு வந்தது.

ஜெபக்கனி பேனாவை மூடி, அறிக்கையின் மேல் வைத்தார்.

“அதுல வெடிச்சது எத்தனை தடவை அண்ணாச்சி?”